நித்யமும் இடையறவும்: கொங்குப் பிராட்டியின் அநுஷ்டானத்தை முன்னிட்டு ஒரு விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அனுப்பர்பாளையத்தில் அடியேனுடைய இல்லத்துத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் சிறிய அளவில் காலக்ஷேபம் நடந்து வருகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் பாத்திரப் பட்டறைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் உழைப்பவர்கள். அவர்களில் ஒருவர், தகப்பனார் காலத்திலேயே பஞ்சஸம்ஸ்காரம் பெற்றவர், ஒருநாள் எல்லோரும் எழுந்து போன பின்பும் போகாமல் நின்று கேட்டார்:

“சாமி, அப்பா இருந்த வரைக்கும் தெனமும் வெளக்கேத்தி, தண்ணியாச்சும் வெச்சு, த்வயம் சொல்லுவாருங்க. அவரு போனப்புறம் நானும் ஒரு வருஷம் செஞ்சேன். அப்புறம் ஒன்றரை ஷிப்டு, நைட்டு வேலைன்னு விட்டுப்போச்சுங்க. மூணு வருஷம் ஆச்சு. சரணாகதி பண்ணியாச்சுன்னா பெருமாள் பாத்துக்குவாருன்னு நீங்களே சொல்றீங்க. அப்படின்னா தெனமும் செய்யறது எதுக்குங்க? செய்யத்தான் வேணும்னா, இப்ப எந்த மொகத்தோட மறுபடி ஆரம்பிக்கறதுங்க?”

கேட்டவர் சாஸ்த்ரம் வாசித்தவர் அல்லர். ஆயினும் அவர் கேட்டவை இரண்டும் ஸம்ப்ரதாயத்தில் பெரியோர் எடுத்து விசாரித்த கேள்விகளே. ப்ரபந்நனுக்கு நித்யாநுஷ்டானம் எதற்கு என்பது முதற்கேள்வி. விட்டுப்போன நித்யத்தை மீண்டும் பற்றுவதற்கு அதிகாரம் உண்டோ என்பது இரண்டாவது. அன்று இரண்டொரு வார்த்தை சொல்லி அவரை அனுப்பினேன். அது போதாது என்று நெஞ்சில் பட்டமையால், பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் இங்கே சற்று விரித்து எழுதலாயிற்று.

நித்யம் என்பது யாது

சாஸ்த்ரம் விதிக்கும் கர்மங்கள் நித்யம், நைமித்திகம், காம்யம் என மூவகைப்படும். ஒரு பலனை விரும்பிச் செய்வது காம்யம். க்ரஹணம், பித்ருதிதி போன்ற ஒரு நிமித்தம் வந்தபோது செய்வது நைமித்திகம். பலனையும் நிமித்தத்தையும் எதிர்பாராமல், பொழுது விடிந்தது என்பதையே காரணமாகக் கொண்டு செய்யவேண்டியது நித்யம். காம்யத்தை விட்டால் அதன் பலன் இல்லையாகும், அவ்வளவே. நித்யத்தை விட்டாலோ ப்ரத்யவாயம் உண்டு.

எம்பெருமானார் (1017–1137) அருளிய ஒன்பது க்ரந்தங்களில் ‘நித்யம்’ என்ற பெயரோடேயே ஒன்று விளங்குகிறது. மந்த்ராஸனம், ஸ்நாநாஸனம், அலங்காராஸனம், போஜ்யாஸனம், புநர்மந்த்ராஸனம், பர்யங்காஸனம் என்னும் ஆறு ஆஸனங்களாகப் பகவதாராதன க்ரமத்தை வகுத்துக் காட்டும் க்ரந்தம் அது. இங்கே நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சரணாகதி கத்யத்தை அருளிச்செய்த திருவாக்கே நித்யத்தையும் அருளிச்செய்தது. சரணாகதி செய்தவனுக்கு நாள்தோறும் ஆராதனம் வேண்டா என்பது அவர் திருவுள்ளமாயின், இரண்டாவது க்ரந்தத்திற்கு இடமே இல்லை. அந்த நித்யமோ ஆராதனத்தில் இழிபவனைச் சரணாகதியை முன்னிட்டே இழியச் சொல்லுகிறது. ஆகவே சரணாகதி ஆராதனத்திற்கு வாசல். ஆராதனத்திற்கு மாற்றாக வந்தது அன்று.

ப்ரபந்நனுக்கு நித்யம் எதற்கு

உபாஸகனாகிய பக்தியோகநிஷ்டன் விஷயத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. பக்தியாவது எண்ணெய் ஒழுக்கைப் போல இடையறாத த்ருவாநுஸ்ம்ருதி என்று ஸ்ரீபாஷ்யம் நிர்ணயிக்கிறது. உபாஸனத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்று ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயத் தொடக்கத்து அதிகரணமும், சரீரம் விழுமளவும் செய்யவேண்டும் என்று அதே பாதத்து ஆப்ரயாணாதிகரணமும் ஸாதிக்கின்றன. அங்கே ஆவ்ருத்தியே உயிர்நிலை.

ப்ரபத்தியோ ஒருமுறையே செய்யத்தக்கது. அதை ஆவ்ருத்தி செய்தால், முன்செய்த ப்ரபத்தியில் விச்வாஸம் இல்லை என்றாகிவிடும். ‘ஒருமுறை போதும்’ என்ற இவ்வசனத்தைக் கேட்டவர்கள், அதை ப்ரபத்தியோடு நிறுத்தாமல் வாழ்நாள் முழுவதற்கும் நீட்டிக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. திருமாங்கல்யதாரணம் ஒருநாள், இல்வாழ்க்கை நாள்தோறும். மணமான பின்பு அகமுடையாள் அகமுடையானுக்கு அமுது படைப்பது மணத்தை ஸாதித்துக் கொள்வதற்காக அன்று. மணம் ஆயிற்று என்பதனாலேயே அது நடக்கிறது. அவ்வாறே சேஷத்வத்தை அறிந்தவன் செய்யும் நித்யம், மோக்ஷத்திற்கு விலையாகாது; அறிந்த சேஷத்வத்தின் இயல்பான செயலாகும். உபாயம் என்னும் நினைவு கழிந்து கைங்கர்யம் என்னும் நினைவு புகுந்தது என்பதே வாசி. செயல் கழியவில்லை.

ஸ்வாமி தேசிகன் (1268–1369) ஸ்ரீபாஞ்சராத்ரரக்ஷையில் மூன்று அதிகாரங்களுள் ஒன்றை நித்யாநுஷ்டானத்தை ஸ்தாபிப்பதற்கென்றே வைத்தார். ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபந்நனுடைய உத்தரக்ருத்யத்தை விசாரிக்கையில், சாஸ்த்ரம் விதித்தபடி செய்வதை ஆஜ்ஞா கைங்கர்யம் என்றும், விதிக்காமல் அநுமதித்ததை உகந்து செய்வதை அநுஜ்ஞா கைங்கர்யம் என்றும் பகுத்துக் காட்டினார். உபாயத்தின் ஸ்வரூபம் பற்றி இரு கலையாருக்கும் பேசவேண்டிய பேதங்கள் பல உண்டு. விடியற்காலையில் எழுந்து நீராடித் திருமண்காப்பு தரித்துத் திருவாராதனம் செய்யவேண்டும் என்பதில் மட்டும் இரு கலையாருக்கும் பேதம் இல்லை. பெரிய ஜீயரான மணவாளமாமுனிகள் (1370–1443) ஒருநாளை எவ்வாறு கழித்தருளினார் என்பதை எறும்பியப்பா பூர்வதினசர்யை, உத்தரதினசர்யை என்னும் இரண்டு ஸ்தோத்ரங்களாக அருளிச்செய்தார். அவற்றின் நடுவே யதிராஜவிம்சதியை வைத்து இன்றும் அநுஸந்தித்து வருகிறோம். ஓர் ஆசார்யனுடைய அற்புதங்களைப் பாடாமல் அன்றாடத்தைப் பாடி, அதையும் சிஷ்யர்கள் அன்றாடம் ஓதும்படி வைத்தது நம் ஸம்ப்ரதாயத்தின் நோக்கு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும்.

கொங்குநாட்டு ஐதிஹ்யம்

இதற்கு த்ருஷ்டாந்தம் தேடி அடியோங்கள் ஸ்ரீரங்கத்திற்கோ திருநாராயணபுரத்திற்கோ போகவேண்டியதில்லை. இந்தக் கொங்குநாட்டிலேயே வாழ்ந்த ஓர் அம்மையாரின் சரிதம் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தில் இருக்கிறது. கொங்குப் பிராட்டி என்று பெரியோர் வழங்கும் அவருடைய ஐதிஹ்யம் பலரும் அறிந்ததே. எம்பெருமானாரை ஒரு பெண்மணி அடையாளம் கண்டுகொண்ட வ்ருத்தாந்தமாகவே பெரும்பாலும் அதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். நித்யாநுஷ்டானத்தை நோக்கி அதை மறுபடி வாசிக்கவேண்டும்.

கொங்குநாட்டில் மழை பொய்த்து வற்கடம் வந்தபோது அவரும் கணவரும் ஸ்ரீரங்கத்தில் போய்த் தங்கினார்கள். மாதுகரத்திற்கு எழுந்தருளும் எம்பெருமானாரை எல்லோரும் விழுந்து ஸேவிப்பதைக் கண்டு, பிக்ஷைக்கு வருபவரை இவர்கள் வணங்குவது ஏன் என்று அவர் நேரே போய்க் கேட்டார். பகவத்விஷயமாகச் சில வார்த்தைகள் இவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று விடை வந்தது. அவ்வார்த்தையை எனக்கும் அருளவேண்டும் என்று வேண்டி, த்வயோபதேசம் பெற்றார். நாட்டில் மழை பெய்து ஊர் திரும்பும் ஸமயம் வந்தது. அப்போது, உபதேசம் பெற்ற மந்த்ரம் மறந்து போயிற்று. மறந்தேன் என்று சொல்லி மறுபடியும் அருளவேண்டும் என்று கேட்டார். எம்பெருமானார் கோபியாமல் மறுபடியும் அருளினார். ரக்ஷையாக ஒன்று வேண்டும் என்று ப்ரார்த்திக்கத் தம் ஸ்ரீபாதரக்ஷைகளையும் தந்தருளினார்.

ஆண்டுகள் கழிந்தன. சோழராஜ்யத்தில் உபத்ரவம் நேர்ந்து, உடையவர் காஷாயத்தை மாற்றி வெள்ளை சாத்திக்கொண்டு, சிஷ்யர்களோடு காடும் மலையும் கடந்து மேல்நாட்டிற்கு எழுந்தருளினார். வழியில் வேடர்கள் உபசரித்து ஒரு க்ருஹத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது இந்த அம்மையாருடைய க்ருஹம். முன்பின் அறியாத இடத்தில் அமுது செய்யத் தயங்கிய ஸ்ரீவைஷ்ணவர்களிடம், தாமும் எம்பெருமானார் ஸம்பந்தம் உடையவர் என்று அவர் விண்ணப்பித்தார். அப்போது உடையவர், த்வயத்தைச் சொல்லிக் காட்டும்படி அவரைச் சோதித்ததோடு நில்லாமல், தளிகை முடிந்தபின் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்றார். அவர் தளிகை முடித்து, உள்ளே சென்று, தம் கோயிலாழ்வாரில் எழுந்தருளப்பண்ணியிருந்த ஸ்ரீபாதரக்ஷைகளுக்கு அமுது கண்டருளப்பண்ணித் த்யானித்து வெளியே வந்தார். பின்பு விளக்கைக் கொண்டுவந்து எல்லோருடைய திருவடிகளையும் நோக்கி, இவை எம்பெருமானார் திருவடிகளைப் போலத் தோற்றுகின்றன. வெள்ளை சாத்தியிருப்பதால் நிச்சயிக்கக் கூடவில்லை என்று தெரிவித்தார்.

இங்கே மூன்று விஷயங்கள் காண்கின்றன.

முதலாவது, அவர் செய்துவந்ததை ஒருவரும் பார்த்திலர். மடம் இல்லை, கோஷ்டி இல்லை, உடன் அநுஷ்டிப்பார் இல்லை. காட்டோரத்தில் ஓர் இல்லம், சிறிய கோயிலாழ்வார், அன்றாடத் தளிகை ஆகிய இவ்வளவே. இன்று உடையவர் வருவார் என்று அறிந்து அவர் தளிகை செய்யவில்லை. நாள்தோறும் செய்துவந்தபடியால், வந்த நாளிலும் அது நடந்தது.

இரண்டாவது, உடையவர் சோதித்த விதம். மந்த்ரத்தை வாயால் சொல்லுதல் ஒருநாளில் கற்றுக்கொள்ளக்கூடியது. அடுக்களையிலிருந்து கோயிலாழ்வாருக்குப் போகும் கால் ஒருநாளில் வாராது. அது பழகிய கால். ஸம்பந்தத்தின் உண்மையை அந்தப் பழக்கத்தில் கண்டுகொண்டார். வேஷம் மாறியிருந்தபோதும் அவர் திருவடிகளை அறிந்தது, நாள்தோறும் பாதரக்ஷைகளைக் கண்டு பழகிய கண். காஷாயத்தால் அறிபவர்களுக்கு வெள்ளை மறைத்துவிடும். அன்றாடத்தால் அறிபவர்களுக்கு முழுதும் மறைக்கமாட்டாது.

மூன்றாவது, அடியேனைத் திண்ணையில் கேட்டவருக்கு உரியது. அந்த அம்மையாரும் மறந்தவரே. உபதேசம் பெற்றதை இழந்தவரே. ‘எந்த முகத்தோடு கேட்பேன்’ என்று வெட்கி ஊர் திரும்பியிருந்தால் அவருக்கு த்வயமும் இல்லை, பாதரக்ஷையும் இல்லை. மறந்தேன் என்று சொன்ன வாய்க்கே, மறந்ததும் கிடைத்தது, அதற்குமேல் ஒன்றும் கிடைத்தது. பின்னாளில் சலியாத அந்த நித்யம், ஒருமுறை விட்டுப்போய் மறுபடி கேட்டுப் பெற்றதன்மேல் எழுந்தது.

பஞ்சகாலமும் ஒன்றரை ஷிப்டும்

அபிகமநம், உபாதாநம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஒருநாளை ஐந்தாகப் பகுத்து ஐந்தையும் பகவத்ஸமாராதனமாக்குவது பாஞ்சராத்ரம் காட்டும் வழி. காலையில் எம்பெருமானைக் கிட்டுதல் அபிகமநம். ஆராதனத்திற்கு வேண்டிய த்ரவ்யங்களை ஈட்டுதல் உபாதாநம். ஆராதித்தல் இஜ்யை. சாஸ்த்ரங்களையும் அருளிச்செயல்களையும் ஓதுதலும் கேட்டலும் ஸ்வாத்யாயம். இரவில் அவனிடத்தில் சித்தத்தை வைத்து ஒடுங்குதல் யோகம்.

காலை எட்டரைக்குப் புகுந்து இரவு எட்டரைக்கு வெளிவருபவர் இப்பகுப்பைக் கேட்டவுடன், இது நமக்கு ஆகாது என்று எழுந்துவிடுகிறார். அவ்வளவு விரைந்து எழவேண்டியதில்லை. தர்மம் தவறாமல் ஈட்டி, ஈட்டியதில் ஒரு பிடியை எம்பெருமானுக்கென்று அகத்திற்குக் கொண்டுவருபவனுடைய உழைப்பு உபாதாநத்தில் சேரும். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். உபாதாநம் என்பது இஜ்யைக்காகவே உபாதாநம். அகத்தில் ஆராதனம் நடவாதிருக்க, தொழிலே ஆராதனம் என்று சொல்லிக்கொள்வது, அரிசி வாங்கி வைத்துத் தளிகை பண்ணாதிருப்பதை ஒக்கும்.

திருவேங்கடமுடையானுக்கு மண்ணால் பூச்செய்து ஸமர்ப்பித்த குறும்பறுத்த நம்பியின் ஐதிஹ்யம் இங்கே நினைக்கத்தக்கது. குயவராகிய அவருக்குச் சக்கரத்தை விட்டு எழுந்து மலையேறிவர அவகாசம் இல்லை. வேலை செய்யும் இடத்திலேயே, கையில் இருந்த மண்ணையே பூவாக்கி நாள்தோறும் இட்டுவந்தார். தொண்டைமான் சக்ரவர்த்தி ஸமர்ப்பித்த பொற்பூக்களுக்கு மேலே அந்த மண்பூக்கள் காணப்பட்டன என்று பெரியோர் சொல்லுவர். தொழிலிடையே செய்தார் என்பது ஒன்று. தொழிலைச் சொல்லித் தட்டிக்கழிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே கொள்ளவேண்டும்.

எவ்வளவு செய்வது என்பதற்கும் எம்பெருமானாரே அளவு காட்டியருளினார். ஸ்ரீபாஷ்யத்தின் லகுஸித்தாந்தத்தில் விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்னும் ஸாதனஸப்தகத்தை வாக்யகாரர் சொன்னபடி எடுத்தருளுகிறார். அதில் க்ரியையாவது பஞ்சமஹாயஜ்ஞங்கள் முதலியவற்றைச் சக்திக்கு இயன்றபடி செய்தல். ‘சக்திக்கு இயன்றபடி’ என்ற சொல் அங்கே வெறுமனே வரவில்லை. சக்தி குறைந்தவனுக்கு அது ஆறுதல். சக்தி உள்ளவனுக்கு அது கட்டளை. கீதாபாஷ்யத்திலும், பன்னிரண்டாம் அத்யாயத்தில், அப்யாஸத்திற்கும் சக்தி இல்லாதவனுக்கு எம்பெருமான் விதித்த தன் கர்மங்கள் எவை என்று விவரிக்கையில், ஆலயம் எடுத்தல், நந்தவனம் வைத்தல், விளக்கேற்றுதல், திருவலகிடுதல், மெழுகுதல், பூப்பறித்தல், திருநாமம் சொல்லுதல், வலம்வருதல், வணங்குதல் என்று அடுக்கியருளுகிறார். விளக்கேற்றவும் கூட்டவும் மெழுகவும் அறியாதார் யார்?

ஆகையால் இரவுவேலைக்காரருக்கும் ஒரு நித்யம் உண்டு. எப்போது துயில் எழுகிறாரோ அப்போது திருநாமம். நீராடித் திருமண்காப்பு. ஆசார்யன் தனியன். த்வயாநுஸந்தானம். ஸந்த்யோபாஸனத்திற்கு அதிகாரம் உள்ளவர்கள் அதை விடலாகாது. கோயிலாழ்வாருக்குத் தண்ணீரமுதாவது, ஒரு பழமாவது. ஒரு திருவாய்மொழிப் பதிகம், அல்லது தெரிந்த அளவு பாசுரம். வெளியூரில் இருந்தால் மாநஸிகமாக இவையே. கால்மணி நேரத்தில் முடிவது. மூன்று மணி நேரம் செய்து மூன்று மாதத்தில் விடுவதைக் காட்டிலும், கால்மணி நேரம் செய்து ஆயுள்வரை விடாதிருப்பது உயர்ந்தது.

இறுகுதலும் இளகுதலும்

நாள்தோறும் செய்வதில் வேறோர் அபாயமும் உண்டு. அதை மறைத்துவிட்டு நித்யத்தின் ஏற்றத்தை மட்டும் சொல்லுவது நேர்மை ஆகாது. செய்யச் செய்ய நாக்கு ஓதும், கை மணியடிக்கும், நெஞ்சோ கடைவீதியில் இருக்கும். விட்டவரைக் காட்டிலும் விடாதவருக்கே உரிய நோய் இது. அடியேனும் இதற்கு விலக்கல்லன்.

இவ்வூர்ப் பட்டறைகளில் செப்புக்குடம் தட்டுவதைச் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். ஒரே அடியில் தகடு குடமாகாது. ஆயிரம் சிற்றடிகளில் அது வளைந்து வயிறும் கழுத்துமாக உருக்கொள்ளும். ஆனால் தட்டத் தட்ட அதே தகடு இறுகிக்கொண்டே வரும். இறுகியதை மேலும் தட்டினால் வெடித்துவிடும். ஆகவே இடையிடையே அதை நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். இறுகிற்றே என்று தட்டுவதை விடுவதும் இல்லை, இளக்காமல் தட்டுவதும் இல்லை.

அப்யாஸம் சிற்றடி. அர்த்தாநுஸந்தானம் நெருப்பு. பஞ்சகாலத்தில் இஜ்யையை அடுத்து ஸ்வாத்யாயத்தை வைத்ததன் கருத்து இதுவாக அடியேனுக்குத் தோற்றுகிறது. ஆராதித்த கையோடு ஈட்டில் ஒரு பாசுரத்தின் வ்யாக்யானத்தைக் கேட்பவனுக்கு, மறுநாள் அதே பாசுரத்தை ஓதும்போது நெஞ்சு சிறிது இளகியிருக்கும். ஸத்ஸஹவாஸமும் திவ்யதேச யாத்ரையும் உத்ஸவ ஸேவையும் இதற்கே. நெஞ்சு ஒன்றவில்லை என்பதனால் நித்யத்தை விடுபவர், தகடு இறுகிற்று என்று குடத்தைப் பாதியில் எறிபவர் ஆவர்.

இடையறவுக்குப் பரிஹாரம்

இனி இரண்டாம் கேள்வி. விட்டவன் மீண்டும் தொடங்கலாமோ?

தொடங்கிய கர்மயோகம் முடிவுபெறாமல் நடுவே அறுந்தாலும் அது வீணாவதில்லை என்று கீதையின் இரண்டாம் அத்யாய பாஷ்யத்திலும், யோகத்தினின்று நழுவினவனுக்கு நாசமில்லை என்று ஆறாம் அத்யாயத்திலும் தெளிவாகிறது. நழுவினவன் மறுபிறவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வான் என்றால், மூன்று ஆண்டு விட்டவன் இப்பிறவியிலேயே தொடர்வதற்கு என்ன தடை? ப்ராயச்சித்தம் வேண்டும் இடங்களில் ஆசார்யனைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அநுதாபம் வேண்டும். ஆனால் அநுதாபம் வேறு, சோர்வு வேறு. ஸாதனஸப்தகத்தில் ஆறாவதாகிய அநவஸாதம் இதற்கென்றே வைத்தது போல் இருக்கிறது. தேசகாலங்களின் ப்ரதிகூலத்தாலும், நேர்ந்த துக்கங்களை நினைந்து நினைந்து மனம் தளர்வதாலும் வருவது அவஸாதம். அது இல்லாமை அநவஸாதம். மனத்தளர்ச்சியை ஒரு குறையாகச் சொல்லி விட்டுவிடாமல், தளராமையை ஸாதனமாகவே எண்ணிவைத்த பெருமை நம் தர்சனத்திற்கு உண்டு. அடுத்ததாகிய அநுத்தர்ஷம், அளவு கடந்த களிப்பின்மை. ஒருநாளும் தவறவில்லை என்று மார்தட்டும் வைதிகருக்கு அது மருந்து. விட்டவனுக்கு ஆறாவது, விடாதவனுக்கு ஏழாவது.

‘எந்த முகத்தோடு’ என்ற அவர் கேள்வியில் வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கமே ஸம்பந்தம் அறவில்லை என்பதற்கு அடையாளம். ஸம்பந்தம் அற்றவனுக்கு வெட்கம் ஏது? கொங்குப் பிராட்டி மறந்தேன் என்று சொன்ன முகத்தோடேதான் எம்பெருமானார் முன் நின்றார். அந்த முகமே போதும்.

அடியேன் அவரிடம் அன்று சொன்னது, நாளைக் காலை விளக்கை மட்டும் ஏற்றுங்கள் என்பது. விட்டுப்போன மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துச் செய்ய முயலவேண்டா. நாளைக்கு உரியதை நாளைக்குச் செய்தால் போதும். மறுவாரம் வந்தபோது, விளக்கேற்றித் தண்ணீரமுதும் வைத்ததாகச் சொன்னார். த்வயத்தில் பின்வாக்யம் பாதியில் நின்றுவிடுகிறது என்று தயங்கினார். உபதேசித்த ஆசார்யன் திருநாடு அலங்கரித்துவிட்டமையால், அத்திருவம்சத்தில் இப்போது எழுந்தருளியிருப்பவரிடம் சென்று விண்ணப்பிக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஒன்றரை ஷிப்டு இல்லாத நாள் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

அடியேன் தாஸன்.